சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு வளையம்: ‘வீல் ஸ்பேசர்’ பொருத்தலாமா?

செம்பவாங் பேட்டையில் வசிக்கும் நான்கு சக்கர இயக்க வாகன உரிமையாளர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிங்கப்பூருக்குள் சேற்றுப் பாதை தேடினாலும் கிடைப்பது அரிது. ஆனால், அருகிலுள்ள உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைத் தாண்டினால் ஜோகூரின் செம்பனைத் தோட்டப் பாதைகள் காத்திருக்கின்றன. வார நாள்களில் விரைவுச்சாலையில் அலுவலகப் பயணம், வார இறுதியில் செம்மண் பாதை என இரண்டுக்கும் ஒரே வாகனம்தான். பிள்ளைகளையும் பெற்றோரையும் சுமந்து செல்வதும் அதுவே.

இத்தகைய வாகனம் வாங்கியவர்களிடம் நண்பர்கள் முதலில் பரிந்துரைக்கும் மாற்றங்களில் ஒன்று ‘வீல் ஸ்பேசர்’. பணம் செலவழிக்கும் முன்னர் அதன் நன்மை தீமைகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்பேசர் என்பது என்ன?

சக்கரத்துக்கும் அது பொருந்தும் ‘ஹப்’ பகுதிக்கும் இடையில் வைக்கப்படும் தடித்த உலோக வளையமே ஸ்பேசர். இது சக்கரத்தை வெளிப்பக்கமாகத் தள்ளி வைக்கிறது. இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய தட்டு. வாகனத்தில் ஏற்கெனவே உள்ள ஸ்டட்களிலேயே இதைச் செருகிவிடலாம். இரண்டாவது வகை தடிமனானது. ஸ்பேசரை முதலில் ஹப்பில் முடுக்க வேண்டும். பின்னர் ஸ்பேசரிலேயே உள்ள தனி ஸ்டட்களில் சக்கரத்தை மாட்ட வேண்டும்.

நன்மைகள்

பெரிய டயர் போடுவோருக்கு இது கைகொடுக்கும். அகலமான டயர், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது உட்பக்கத்தில் சட்டத்திலோ சஸ்பென்ஷன் பாகத்திலோ உரசக்கூடும். ஸ்பேசர் அந்த இடைவெளியை உண்டாக்கித் தருகிறது.

இன்னொன்று, பக்கவாட்டு நிலைத்தன்மை. 2018ல் அறிமுகமான நான்காம் தலைமுறை சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். அதன் முன் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1,395 மி.மீ., பின்பக்கம் 1,405 மி.மீ. ஒவ்வொரு சக்கரத்திலும் 25 மி.மீ. ஸ்பேசர் பொருத்தினால் அந்த அகலம் 50 மி.மீ. கூடுகிறது. அதாவது ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு. சரிவான பாதையில் சாய்ந்து செல்லும்போது இது ஓரளவு உதவும்.

ஆனால், வாகனத்தை உயர்த்தும் ‘லிஃப்ட் கிட்’ பொருத்தியவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். உயரம் கூடும்போது எடை மையமும் மேலே போகிறது. ஸ்பேசர் தரும் பலனை அது எளிதில் விழுங்கிவிடும். ஸ்பேசர் போட்டால் வாகனம் தரையிலிருந்து உயரும் என்ற எண்ணமும் தவறு. அதற்கு ஸ்பேசர் எதுவும் செய்வதில்லை.

தீமைகள்

சக்கரம் வெளியே தள்ளப்படுவதால் பேரிங்கின்மீது விழும் நெம்பு விசை கூடுகிறது. பேரிங் சீக்கிரம் தேயலாம். முன் சக்கரங்களில் ஸ்டியரிங் கனமாகும். கல்லிலோ குழியிலோ மோதும்போது அதன் உதறல் கையில் அதிகம் தெரியும். உட்பக்கம் உரசாத டயர், இப்போது வெளிப்பக்கம் மட்கார்டில் உரசக்கூடும்.

ஆகப் பெரிய ஆபத்து சக்கரம் கழன்றுவிடுவது. மெல்லிய ஸ்பேசர் செருகினால் நட்டு பிடிப்பதற்கான மரையின் நீளம் குறைகிறது. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அந்த அளவு நீளத்துக்கு நட்டு ஏறியிருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 12 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.25 மி.மீ. என்றால், நட்டு சுமார் பத்துச் சுற்றாவது சுற்ற வேண்டும். நான்கைந்து சுற்றிலேயே இறுகிவிட்டால் அந்த ஸ்பேசரைப் பயன்படுத்தக் கூடாது.

தடித்த வகையில் வேறு சிக்கல். முடுக்க வேண்டிய இடம் ஒன்றுக்கு இரண்டாகிறது. உள்ளே இருக்கும் நட்டுகள் தளர்ந்தாலும், சக்கரத்தைக் கழற்றாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சட்டமும் காப்புறுதியும்

சிங்கப்பூரில் வாகன மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் கட்டுப்படுத்துகிறது. டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. விதிமீறிய மாற்றத்துக்கு அபராதமோ சிறைத் தண்டனையோ விதிக்கப்படலாம். கார்கள் மூன்று ஆண்டுகளை எட்டியதிலிருந்து ஈராண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டுகளைத் தாண்டியபின் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டியிருப்பதும் நினைவில் இருக்கட்டும்.

நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. ஜெர்மனியில் உரிய சான்றிதழுடன் ஸ்பேசர் பொருத்தலாம். ஆஸ்திரேலியாவின் வாகன மாற்ற விதிமுறைகளோ, உற்பத்தியாளரே பொருத்தித் தந்தாலன்றி அதை ஏற்பதில்லை. எனவே இணையத்தில் விற்கிறார்கள் என்பதால் இங்கும் அனுமதி உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. வாங்கும் முன்பே ஆணையத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுவிடுவது நல்லது. தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கோரும்போது தடையாக நிற்கலாம்.

பொருத்துவதாக இருந்தால்

• ஹப்பின் நடு வளையத்தில் கச்சிதமாக உட்காரும் ஸ்பேசரையே தேர்ந்தெடுக்கவும். எடை ஸ்டட்களில் மட்டும் தொங்கக் கூடாது.
• ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர்களை அடுக்க வேண்டாம்.
• பொருத்தும் முன் ஹப்பில் உள்ள துருவையும் மண்ணையும் சுத்தமாக நீக்கவும்.
• வாகனக் கையேட்டிலும் ஸ்பேசருடன் வரும் தாளிலும் உள்ள அளவுக்கு ‘டார்க் ரெஞ்ச்’ கொண்டு முடுக்கவும்.
• முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மீண்டும் முடுக்கிப் பார்க்கவும். ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பிறகும் அதைச் செய்யவும்.

மாற்று வழி

சக்கரத்தை வெளியே தள்ளுவதுதான் நோக்கம் என்றால், பொருத்தமான ‘ஆஃப்செட்’ அளவுள்ள ரிம்களை வாங்கலாம். பேரிங்கின்மீது விழும் சுமை அப்போதும் கூடும். ஆனால், நடுவே தளரக்கூடிய கூடுதல் இணைப்பு இருக்காது. இதற்கும் மட்கார்டு விதி பொருந்தும்.

தோற்றத்துக்காக மட்டும் என்றால் ஸ்பேசர் தேவையில்லை. டயர் உண்மையிலேயே உட்பக்கம் உரசுகிறது என்றால், முதலில் பழைய அளவு டயருக்கே திரும்பலாமா என்று யோசிக்கலாம். செலவே இல்லாத தீர்வு பெரும்பாலும் அதுதான்.