சும்மாடும் இடுப்புப் பட்டையும்

போன மாசம் 75 லிட்டர் பை ஒண்ணு வாங்கினேன் மக்களே. இமயமலைப் பக்கம் பத்து நாள் நடக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அதுக்கு முன்னாடி, ஊருக்குப் (கும்மிடிப்பூண்டி) போனப்ப பையில 15 கிலோ அரிசியைக் கட்டி, தடா மலையில ஒரு நாள் நடந்து பார்த்துடலாம்னு திட்டம். வாசல்ல வச்சு பட்டையெல்லாம் இழுத்துக்கிட்டு இருக்கப்ப மாமா வந்தார். தொழிற்பேட்டைப் பக்கம் லாரிகளுக்கு 30 வருஷம் லோடு ஏத்தினவர். பையைச் சுத்தி வந்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாப்ள, இத்த யார்றா தூக்கி வுடுவாங்க?"

வாங்கறதுக்கு முன்னாடி ஏகப்பட்ட விமர்சனம் படிச்சேன். ஜிப்பு, மழை உறை, பாக்கெட் எண்ணிக்கை எல்லாம் இருந்துச்சு. இந்தக் கேள்வி மட்டும் எதுலயும் இல்லை :-)

நம்ம ஆளுங்க இதுக்குக் கல்லுலயே பதில் எழுதி வச்சிருக்காங்க. ரோட்டோரம் ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைப் படுக்க வச்சிருப்பாங்களே, சுமைதாங்கி. கர்ப்பமா இருக்கும்போதே இறந்துபோன பொண்ணுங்க நினைவா நடுறது வழக்கம். அதோட உயரத்தைக் கவனிங்க. தலையில இருக்கறதைக் குனியாம அப்படியே தள்ளி வச்சுடலாம், திரும்ப ஏத்த இன்னொரு ஆள் வேண்டாம்.

சரி, பைக்கு வருவோம். 1991ல ஆல்ப்ஸ் பனியில கிடைச்ச, சுமார் 5300 வருஷத்துக்கு முந்தின 'ஓட்ஸி' மனுஷன் பக்கத்துல வளைச்ச மரக்கொம்பும் ரெண்டு பலகையும் இருந்துச்சு. முதுகுச் சட்டம்தான்னு பல ஆராய்ச்சியாளர்கள் நினைக்கறாங்க. ஆக சட்டம் வச்ச பைங்கறது புது ஐடியா இல்லை. பிறகு ஏன் இடுப்புப் பட்டை வச்ச நல்ல பைக்கு 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் காத்திருக்கணும்?

எனக்குத் தோணற காரணம், பெரிய பயணம் போனவங்களுக்குத் தூக்க ஆள் இருந்துச்சு. நம்ம பக்கத்துலயே பாருங்க. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலை பக்கம் லாம்டன் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்க ஆரம்பிச்சார். 57 நாள் வேலை. அவரோட பெரிய தியோடலைட் கருவி அரை டன். காடு மேடெல்லாம் அதைக் கொண்டுபோனது மனுஷத் தோள்கள். 1808ல தஞ்சாவூர் கோவில் மேல ஏத்தறப்ப கயிறு அறுந்து கருவி அடிபட்டது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அதைச் சரி பண்ணினது எல்லாப் புத்தகத்துலயும் வரும். தூக்கினவங்க 'கூலிகள்'ங்கற ஒத்தை வார்த்தையில முடிஞ்சுடுவாங்க.

1953 எவரெஸ்ட்டும் அப்படித்தான். 362 சுமைதூக்கிகள், 10,000 பவுண்டு சாமான். நேபாளத்துல நெத்தியில மாட்டற பட்டைக்கு நாம்லோன்னு பேரு. 2005ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த ஆய்வுப்படி, அங்க ஆண்கள் சராசரியா தங்க உடம்பு எடையில 93 சதவீதம் தூக்கறாங்க, பெண்கள் 66. நான் 75 கிலோ. கணக்குப் போட்டுப் பார்த்துட்டு அமைதியா இருந்துட்டேன்.

பையை மாத்தினவங்க யாருன்னு பார்த்தா, தன் சுமையைத் தானே தூக்க வேண்டியிருந்தவங்க. நார்வேயில ஓலே பெர்கன் வேட்டைக்காரர். 1908ல முதுகு நொந்துபோய், ஜூனிப்பர் மரக்கிளையைத் தன் முதுகு வளைவுக்கு வளைச்சு பைக்குள்ள சட்டமா வச்சார். அமெரிக்காவுல டிக் கெல்டி ஒரு தச்சர். மலை நடையில அவரோட நண்பர் ஒருத்தர் சட்டத்தோட அடி முனை ரெண்டையும் பேன்ட் பின்பாக்கெட்டுல சொருகிக்கிட்டாராம். பாரம் தோள்ல இருந்து இடுப்புக்கு இறங்கிடுச்சு! அதுலேர்ந்து வந்ததுதான் இடுப்புப் பட்டை. 1952ல அலுமினியச் சட்டம் போட்டு விக்க ஆரம்பிச்சார், பையைத் தைச்சது அவர் மனைவி. 1967ல கிரெக் லோ சட்டத்தையே பைக்குள்ள ஒளிச்சு வச்சுட்டார். என் பை அந்த வம்சம்தான்.

அதனால பெரிய பை வாங்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: லிட்டரை அப்புறம் பாருங்க. கடையில காலிப் பையை மாட்டிப் பார்க்கறது வேஸ்ட், 12 கிலோவாவது போடச் சொல்லுங்க. கழுத்தடியில துருத்தற எலும்புலேர்ந்து இடுப்பெலும்பு மேல்விளிம்பு வரை உங்க நீளம், அதுக்குப் பை பொருந்தணும். பட்டை தொப்புள் மேல ஏறாம இடுப்பெலும்பு மேல உட்காரணும். கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்கணும், தள்ளிப் போச்சுன்னா ஆளைப் பின்னாடி இழுக்கும் (முதல் வருஷ மெக்கானிக்ஸ், அரியர் வச்சவங்களுக்கும் புரியும்). 75 லிட்டர்னா இடம் இருக்கேன்னு கண்டதையும் அடைப்போம், அது தனி வியாதி. என் பை காலியாவே 2.3 கிலோ.

மாமாவுக்கு மாட்டி விட்டேன். முதல்ல தோள்பட்டை மட்டும். "சாக்கு மேல்டா" ன்னார். சும்மாடு வச்சா பாரம் தண்டுவடத்துல நேரா இறங்கும், இது பின்னாடி இழுக்குது, அவர் சொன்னது சரிதான். அப்புறம் இடுப்புப் பட்டையை இறுக்கி, தோள்பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினேன். நாலடி நடந்தார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்போடா வந்துச்சு?"

"1952 மாமா."

"நான் வேலைக்குப் போனது 83ல."

லோடு ஏத்தற வேலைக்கு இது சரிப்படாது, இருபதடிக்கு ஒருதரம் இறக்கணுமேன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லலை. அது அவருக்குத் தெரியாதா என்ன. கொஞ்ச நேரம் அப்படியே வாசல்ல நடந்துட்டுத்தான் கழட்டினார்.

தொடை மேல ஏத்தி, ஒரு கையை நுழைச்சு, திரும்பிக்கிட்டே மறுகையை விடணும்னு வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டிருந்தேன். மறுநாள் விடிகாலை தடாவுக்குக் கிளம்பறப்ப அதுக்கு வேலையே வரலை. மாமா நாலரை மணிக்கே வந்து, பையைத் தூக்கி விட்டுட்டு, பால் வாங்கப் போயிட்டார்.