‘கவுன்சிலிங்’ என்றொரு சொல்: வாசலும் விசாரணை மேசையும்

1

‘பொண்ணக் கவுன்சிலிங்குக்குக் கூட்டிட்டுப் போறேன்’ என்று பேருந்தில் ஒருவர் சொன்னால் தமிழ்நாட்டில் யாரும் அந்தப் பெண்ணுக்கு மனக்கஷ்டம் என்று நினைத்துக்கொள்வதில்லை. பொறியியலோ மருத்துவமோ, இடம் எடுக்கப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம். ஆங்கிலத்தில் ஆலோசனையைக் குறிக்கும் ஒரு சொல் நம்மிடம் வந்து இட ஒதுக்கீட்டு ஆணை வாங்கும் சடங்குக்குப் பெயராகிவிட்டது. நாளிதழ்கள் இதைக் ‘கலந்தாய்வு’ என்று தமிழாக்கின. கலத்தல், ஆய்தல் என்று இரண்டு வினைகள் அதற்குள் இருக்கின்றன. நான் பார்த்த கூடத்தில் இரண்டுமே நடக்கவில்லை. திரையில் கல்லூரிப் பெயர்கள், அவற்றுக்கு நேராக ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி என்று பிரிந்து குறைந்துகொண்டே வரும் எண்கள். கணினிக்கு முன் சில நிமிடங்கள். ஒரு சொடுக்கு. கையில் ஒரு தாள். அம்புட்டுதான்.

இதை வெளியே நின்று பார்த்தவனாகச் சொல்லவில்லை. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிய நாட்களில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் 2013 முதல் 2017 வரை வேலை பார்த்தேன். ‘நல்லா பேசுற, கிராமத்து ஆளுங்களுக்குப் புரியும்’ என்பதுதான் என் தகுதி. சித்திரை, வைகாசியில் பிளஸ் டூ மாணவர்களின் தொலைபேசி எண் பட்டியலோடு ஊர் ஊராகப் போவதும், கலந்தாய்வு நாட்களில் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வாசலுக்கு வெளியே நோட்டீஸ் கொடுப்பதும், கல்லூரியின் விசாரணை மேசையில் உட்கார்ந்திருப்பதும் என் வேலை. அடையாள அட்டையில் ‘மாணவர் ஆலோசகர்’ என்று போட்டிருந்தது. மாதக் கூட்டத்தில் கேட்ட ஒரே கேள்வி ‘டார்கெட் எவ்ளோ முடிச்சீங்க?’

இந்த இரண்டு இடங்களுக்கும், அதாவது ஆலோசனையே இல்லாத அந்தக் கூடத்துக்கும் ஆலோசனை என்ற பெயரில் வியாபாரம் நடந்த என் மேசைக்கும், உள்ள உறவைப் பற்றியதுதான் இக்கட்டுரை. நூறாண்டுக்கும் மேலாக நாம் கல்லூரி வாசலின் விதிக்காகப் போராடியிருக்கிறோம், பெருமளவு வென்றும் இருக்கிறோம். ஆனால் வாசலுக்கு முன் போடப்பட்டிருக்கும் அந்த மேசையை அரசியலாகவே பார்க்கவில்லை என்பது என் வாதம்.

2

தமிழில் ‘விசாரணை’ என்ற சொல் விசித்திரமானது. இரயில் நிலையத்திலும் விசாரணை, காவல் நிலையத்திலும் விசாரணை. முதலாவதில் நாம் கேட்கிறோம், இரண்டாவதில் நாம் கேட்கப்படுகிறோம். மேசை ஒன்றுதான், கேள்வியின் திசைதான் வேறு. கல்லூரிச் சேர்க்கையின் வரலாற்றை இந்தத் திசையின் வரலாறாக வாசிக்க முடியும் என்று தோன்றுகிறது.

1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பத்தில் பாடம் நடத்தும் இடமாக இல்லை. தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பாகவே இருந்தது. மெட்ரிகுலேஷன்தான் அதன் வாசல். தேர்வு எல்லோருக்கும் பொது. ஆனால் எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்தப் பாடம் எடுப்பது, பட்டத்தை வைத்துக்கொண்டு எந்த உத்தியோகத்துக்கு மனுப்போடுவது என்ற தகவல் பொதுவாக இல்லை. வக்கீல் மாமாவும் தாசில்தார் சித்தப்பாவும் இருக்கிற வீட்டில் இதைக் கேட்கவே வேண்டியதில்லை. சாப்பாட்டு வேளைப் பேச்சிலேயே அது பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும். மரபுரிமையாக வரும் ஆலோசனைக்கு ஆலோசனை என்று பெயர் கிடையாது, ‘புத்திசாலித்தனம்’ என்று பெயர். பிரெஞ்சு மாணவர்களை வைத்து பூர்தியுவும் பஸ்ஸெரோனும் 1964இல் ‘வாரிசுகள்’ என்ற நூலில் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். விளைவு எண்களில் தெரிகிறது. 1914இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்த 650 பட்டதாரிகளில் 452 பேர் பார்ப்பனர்.

இந்த எண் பார்ப்பனரல்லாதார் அரசியலின் அடித்தளமானது நமக்குத் தெரியும். 1916 டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. ஆனால் அதே 1916இல் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. டாக்டர் சி.நடேச முதலியார் சென்னை திருவல்லிக்கேணியில், சாதி காரணமாகத் தங்க இடம் கிடைக்காத பார்ப்பனரல்லாத மாணவர்களுக்காகத் ‘திராவிடர் இல்லம்’ என்ற விடுதியைத் தொடங்கினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் தலித் பிள்ளைகளுக்காக நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். அறிக்கை வாசலின் விதியை மாற்றக் கோரியது. விடுதியும் பள்ளியும் வாசல்வரை கைபிடித்துக் கூட்டிப்போக முயன்றன. விடுதி என்றால் சோறும் பாயும் மட்டுமல்ல. பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் மூத்த மாணவன்தான் முதல் தலைமுறைக்காரனின் ‘வக்கீல் மாமா’. கேட்க ஆள் இருக்கிற இடம் அது.

அறிக்கையிலிருந்து கிளம்பிய கோடு வகுப்புவாரி ஆணைகளாக, சட்டமாக நீண்டது. விடுதியிலிருந்து கிளம்பிய கோடு நலத்துறைக் கோப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தது. நம் அரசியல் வரலாற்றெழுத்து முதல் கோட்டை மட்டுமே வரலாறு என்று எடுத்துக்கொண்டது.

3

1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த செண்பகம் துரைராஜன் வழக்கை எல்லோரும் அறிவோம். மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்துக்கும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, அரிஜனருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்றிருந்த வகுப்புவாரி ஆணை அதில் வீழ்ந்தது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியும் அதே ஆண்டு முதல் அரசியலமைப்புத் திருத்தத்தில் 15(4) பிறந்ததும் நம் பெருமிதங்கள். ஆனால் தீர்ப்பில் உள்ள ஒரு சிறு விவரத்தை நாம் வாசிப்பதில்லை. செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. ‘விசாரித்ததில்’, பார்ப்பனர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரியவந்ததாகத்தான் அவருடைய பிரமாணம். இந்திய அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு வழிவகுத்த வழக்கு ஒரு விசாரிப்பிலிருந்து கிளம்பியிருக்கிறது! யாரை விசாரிப்பது, கிடைத்த பதிலை வைத்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்று தெரிந்திருந்த வர்க்கம் அது. அதே காலத்தில் விசாரிக்கவும் ஆளில்லாமல், விண்ணப்பமும் போடாமல் ஊரிலேயே நின்றுவிட்டவர்கள் எந்த வழக்கிலும் மனுதாரர் ஆகவில்லை.

அடுத்த இருபது வருடங்கள் நேர்முகத் தேர்வின் காலம். இங்கே விசாரணையின் திசை திரும்பிவிடுகிறது. மேசைக்கு அந்தப்பக்கம் குழு, இந்தப்பக்கம் பையன். மருத்துவச் சேர்க்கையில் பாட மதிப்பெண் 200, நேர்முகத்துக்கு 75. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடம் தாண்டிய சேவை, உடல்நிலை, பொதுத்திறன், நாட்டம் என்று அந்த 75க்குத் தலைப்புகள் இருந்தன. 1970இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தபோது, குழு தலைப்புவாரியாகப் பிரித்துப் போடாமல் மொத்தமாகவே போட்டிருந்தது தெரியவந்தது. அது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். 275இல் 75 என்பதே அதிகம் என்றும் சொன்னது. ‘பொதுத்திறன்’ என்பது எந்த வீட்டுப் பிள்ளையிடம் தென்படும், ‘நாட்டம்’ எந்த உச்சரிப்பில் வெளிப்படும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் பெற்றோரின் கைநாட்டைத் தேடிப் பார்த்துக் காமராஜர் இடம் கொடுத்தார் என்று மேடைகளில் ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, அது சொல்வது ஒன்றுதான்: மேசைக்கு அந்தப்பக்கம் நல்ல ஆள் உட்கார்ந்தால்தான் நியாயம். ஜனநாயகத்தை அப்படி அதிர்ஷ்டத்தில் விட முடியாது.

ஆகவே முகத்தை அகற்றினோம். அது சரியான காரியம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. அது நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்குத்தான் தோதானது என்று கண்டபிறகு, 2006இல் சட்டம் இயற்றி 2007-08 சேர்க்கையிலிருந்து அதையும் ஒழித்தோம். 1990களின் பிற்பகுதியில் பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறை வந்தது. ‘சாளரம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: ஜன்னலுக்கு அந்தப்பக்கம் முகம் இல்லை, தரவரிசை எண் மட்டும். அப்பா என்ன பண்றார் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கூலிக்காரர் மகளும் கலெக்டர் மகளும் ஒரே திரைக்கு முன் உட்கார்ந்தார்கள். இது சாதாரணமான சாதனை அல்ல.

ஆனால் நம்மை விசாரிக்கிற ஆளை அகற்றியபோது, நாம் விசாரிக்கக்கூடிய ஆளும் சேர்ந்தே போய்விட்டார்.

4

அந்த வெற்றிடம் காலியாக இருக்கவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. 1992இல் நன்கொடை வசூலைத் தடுக்கச் சட்டம் போட வேண்டிவந்தது. பிறகு கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. இடத்துக்கு மாணவர் அலைந்த காலம்போய், மாணவருக்கு இடம் அலைந்தது. அப்போது பிறந்த ஜாதிதான் நாங்கள்: அட்மிஷன் ஏஜெண்ட், பி.ஆர்.ஓ., ‘ஆலோசகர்’. அரசின் ஜன்னல் பேசவில்லை. நாங்கள் பேசினோம். அதுவும் அவர்கள் பாஷையில், அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு பேசினோம்.

2010இல் அரசு ‘முதல் பட்டதாரி’ கட்டணச் சலுகை கொண்டுவந்தது. அந்தச் சான்றிதழ் ஒரு முக்கியமான அரசியல் ஆவணம். இந்த வீட்டில் இதுவரை யாரும் அந்த வாசலைத் தாண்டியதில்லை என்று அரசே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்கிறது. ஆனால் இல்லாதது பணம் மட்டும்தான் என்று அது புரிந்துகொண்டது. கேட்க ஆளில்லை என்பதை அது இல்லாமையாகக் கணக்கிடவில்லை. எங்கள் கல்லூரி கணக்கிட்டது. முதல் பட்டதாரி வீடுகளுக்கு முதலில் போகச் சொல்வார்கள். ‘அங்கதான் எதிர்க்கேள்வி வராது.’

ஒரு சம்பவம். விழுப்புரம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டும் ஒருவர் மகளோடு வந்தார். அவள் கேட்டாள்: ‘சார், சிவில்னா என்னா, இ.சி.இ.ன்னா என்னா? எனக்குக் கணக்கு வரும், இங்கிலீஷ் வராது. எது சார் படிக்கலாம்?’ இதைவிட நேர்மையான கேள்வியை நான் அந்த மேசையில் கேட்டதில்லை. அந்த வாரம் எங்களிடம் நிரம்பாமல் கிடந்த பிரிவு எதுவோ அதைத்தான் சொன்னேன். ‘அண்ணன் சொல்றாருல்ல’ என்றார் அப்பா. இரண்டாம் வருஷம் பாதியில், ஒன்பது தாள் அரியரோடு அவள் நின்றுவிட்டாள். டி.சி. வாங்க வந்தவள் என்னைத் திட்டவில்லை. ‘நீங்க சொன்னது சரியாத்தான் இருந்திருக்கும் சார், எனக்குத்தான் வரல’ என்றாள். தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்ள அவளைப் பழக்கியதுதான் எங்கள் ஆலோசனையின் முழு வெற்றி. கருத்தியல் எப்படி வேலை செய்கிறது என்று அல்தூஸரில் வாசித்ததை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்குப் போனது. கூடமும் போய்விட்டது. இப்போது விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி நிரப்ப வேண்டும். உதவி மையங்கள் இருக்கின்றன, சான்றிதழ் சரிபார்க்க. வரிசையை நிரப்பித் தருபவர் பல ஊர்களில் பிரவுசிங் சென்டர்க்காரர். மருத்துவத்தில் 2017 முதல் ‘நீட்’. பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் அனிதாவை அந்த ஆண்டு செப்டம்பரில் இழந்தோம். வாசலின் விதிக்கான போராட்டம் முடிந்துபோனது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சிதான்.

5

என்ன செய்வது என்று நண்பர்கள் கேட்கலாம். 2022இலிருந்து அரசே ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’ என்று வழிகாட்டத் தொடங்கியிருக்கிறது. நல்லதுதான். என்னென்ன படிப்பு இருக்கிறது என்று அது சொல்லும். ஆனால் ‘அந்தக் கல்லூரி வேண்டாம்மா’ என்று சொல்லுமா? அனுமதி கொடுத்ததே அரசு அமைப்புகள்தானே, எப்படிச் சொல்லும்? ஆலோசகனுக்கும் தரகனுக்கும் வித்தியாசம் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. நாலு வருஷம் அந்த மேசையில் இருந்தேன், ஒருமுறைகூட ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இடம் நிரம்புவதில் தனக்கு ஒரு பைசா லாபமில்லாதவன் மட்டுமே அதைச் சொல்ல முடியும். திருவல்லிக்கேணி விடுதியின் பக்கத்துப் பாய்க்காரன் சொல்லியிருப்பான். அதனால்தான் அது இயக்கத்தின் வேலை என்கிறேன். 1916இன் இரண்டாவது கோட்டை நாம் விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும்.

இரண்டு வருஷமாக எங்கள் ஊர் நூலகத்து வராந்தாவில் வைகாசி மாதம் நாங்கள் நாலைந்து பேர் பெஞ்சு போட்டு உட்காருகிறோம். அரியர் வைத்து நின்றுபோனவர்கள் இருவரையும் கூட வைத்துக்கொண்டிருக்கிறோம். எந்தக் கல்லூரியில் ஆய்வகம் பூட்டியே கிடக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் போன வருஷம் ஒரு பையன் வந்து ‘தமிழ் இலக்கியம் படிக்கணும்’ என்றான். எங்களில் ஒருவர் சட்டென்று, ‘அதப் படிச்சு என்னாடா பண்ணப்போற? உங்க அப்பா என்ன பண்றார்?’ என்று கேட்டுவிட்டார். கேட்டவர் வேறு யாருமில்லை, தமிழ் எம்.ஏ. படித்த நான்தான். விசாரிக்க வந்தவனை நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். பையன் பதில் சொல்லாமல் எழுந்து போனான்.

இந்த வைகாசியிலும் பெஞ்சு போடுவோம். அவன் வந்தால் அவன் கேட்கட்டும்.