பாத்திரமும் நடிகரும்: ஜெரெமி பிரெற்

ஒரு பாத்திரத்தைப் பலர் நடித்திருப்பர். ஆயினும் அதன் பெயரைக் கேட்டதும் ஒருவரின் முகமே மனக்கண்முன் தோன்றுவதுண்டு. ஆர்தர் கொனன் டொயில் படைத்த துப்பறியும் நிபுணர் ஷேர்லொக் ஹோம்ஸைப் பொறுத்தவரை, தொலைக்காட்சி நேயர் பலருக்கு அம்முகம் ஜெரெமி பிரெற் என்னும் ஆங்கில நடிகரின் முகமேயாகும்.

1933 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் திகதி வோறிக்ஷயரில் இவர் பிறந்தார். குடும்பப் பெயர் ஹகின்ஸ். இராணுவ அதிகாரியான தந்தையார், நடிப்புத் தொழில் குடும்ப கௌரவத்துக்கு இழுக்கெனக் கருதி, அப்பெயரை மேடையில் வழங்கலாகாதென்றார். மகனோ தமது உடையில் தைத்திருந்த தையற்காரரின் பெயர்ச்சீட்டைப் பார்த்து, 'பிரெற்' என்னும் பெயரைச் சூடிக்கொண்டார். இளமையில் ரகர ஒலி இவர் நாவுக்கு இசையவில்லை. சத்திர சிகிச்சையாலும் இடையறாத பயிற்சியாலும் அக்குறையை வென்றார். பிற்காலத்தில் அவரது தெளிந்த உச்சரிப்பே அவருக்கு அணியாயிற்று.

1954 இல் மன்செஸ்ரர் நூலக அரங்கில் தொழில்முறை நடிகராக மேடையேறினார். 1964 இல் வெளியான 'மை பெயர் லேடி' திரைப்படத்தில் பிரெடி என்னும் இளைஞராகத் தோன்றினார். ஆனால் பாட்டுக் குரல் பிறருடையது. 1967 முதல் சில ஆண்டுகள், லோறன்ஸ் ஒலிவியர் தலைமையில் இயங்கிய தேசிய நாடக அரங்கில் நடித்தார். 1980 இல் அமெரிக்க மேடையொன்றில் ஹோம்ஸின் நண்பரான டொக்டர் வாற்சனாக நடித்தமை குறிப்பிடத்தக்கது.

கிரனாடா தொலைக்காட்சி நிறுவனத்தின் ஹோம்ஸ் தொடர் 1984 இல் ஆரம்பமாயிற்று. ஹோம்ஸின் உணவு, உடை, பழக்கவழக்கம் யாவற்றையும் மூலக்கதைகளினின்று திரட்டி, 77 பக்கக் குறிப்பேடொன்றை நிறுவனத்தார் ஆக்கியிருந்தனர். பிரெற் அதனை ஊன்றிக் கற்றார். திரைவசனம் மூலத்தினின்று காரணமின்றி விலகியவிடத்து, நூலைக் கையிலேந்தி வாதாடினார். எனினும் அவர் மூலத்துக்கு அடிமையல்லர். ஹோம்ஸ் போதைமருந்து ஏற்றும் ஊசியை மணலிற் புதைத்துவிடும் காட்சி டொயிலின் கதையில் இல்லை. சிறுவர் பலர் தொடரைப் பார்ப்பதை எண்ணி, டொயிலின் மகளாரது இசைவைப் பெற்று, 1988 இல் அதனைச் சேர்ப்பித்தார்.

1985 இல் மனைவியார் காலமானார். களிப்பும் சோர்வும் மாறிமாறி வருத்தும் மனநோய் அதன்பின் முற்றியது. அந்நோய்க்குரிய லிதியம் மருந்தால் உடல் நீர்கோத்துப் பருத்தது. சிறுவயதுக் காய்ச்சலால் முன்னரே பழுதுற்ற இருதயமும் தளர்ந்தது. மெலிந்த, விரைந்த ஹோம்ஸாக விளங்கியவர், இறுதி ஆண்டுகளில் மூச்சுத் திணறியே நடித்தார். 1994 இல் ஒரு கதையில் அவருக்குரிய பணியைத் தமையன் மைக்றொவ்ற் பாத்திரத்துக்கு மாற்றவேண்டியதாயிற்று. பத்தாண்டுகளில் 41 நிகழ்ச்சிகள் நிறைவெய்தின. மூலக்கதைகளோ 60. அனைத்தையும் நடிக்கும் அவரது அவா நிறைவேறாமலே, 1995 செப்டெம்பர் 12 ஆம் திகதி தமது 61 ஆம் வயதில் காலமானார்.

மனநோயை மறைத்து வாழ்வோர் மிகுந்த காலத்தில், அதனை மறையாது வெளிப்படப் பேசியவர் அவர். கலைக்கு அவர் அளித்த உழைப்போடு இத்துணிவும் சேர்த்து எண்ணத்தக்கது.