கரிமச் சுழற்சி

காற்று, கடல், மண், உயிரினங்கள், பாறைகள் ஆகியவற்றுக்கிடையே கரிமம் ஓயாமல் இடம்பெயர்ந்துகொண்டிருப்பதே கரிமச் சுழற்சி. இதில் விரைவான ஓட்டம், மெதுவான ஓட்டம் என இரண்டு உண்டு. இலை காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்து மாவுப்பொருள் ஆக்குகிறது. அதைத் தின்ற உயிர் அதே வாயுவை மூச்சில் விடுகிறது. உதிர்ந்த சருகு மட்கி மீண்டும் காற்றில் சேர்கிறது. இது விரைவான ஓட்டம். மழைநீரில் கரைந்த வாயு பாறையை அரித்து, ஆற்றோடு கடலுக்குப் போய், சிப்பிகளின் ஓடாகி, சுண்ணாம்புக்கல்லாகப் படிந்து, எரிமலை வழியே மேலே வர கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். இது மெதுவான ஓட்டம். நிலக்கரியும் பெட்ரோலியமும் இந்த மெதுவான ஓட்டத்தில் புதைந்துகிடந்தவை. அவற்றை எரித்து ஆற்றல் பெறும்போது, பல கோடி ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமம் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்குள் விரைவான ஓட்டத்துக்குள் வந்து விழுகிறது. தட்பவெப்ப மாற்றத்தின் வேர் இந்த வேக வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இந்தச் சுழற்சியை ஒருவர் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. 1750களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக், மக்னீசியக் கார்பனேட்டைச் சூடாக்கும்போது அதன் எடை குறைவதையும், அதிலிருந்து ஒரு வாயு வெளியேறுவதையும் கண்டார். மனிதர் விடும் மூச்சிலும் எரியும் கரியிலும் அதே வாயு இருப்பதைச் சுண்ணாம்பு நீர் வெண்மையாவதைக் கொண்டு காட்டினார். 1771இல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி சரிசெய்வதைக் கண்டார். அதற்கு வெயில் வேண்டும், செடியின் பச்சைப் பகுதிகளே அதைச் செய்கின்றன என்று 1779இல் யான் இங்கன்ஹவுஸ் நிறுவினார். செடியின் உடலிலுள்ள கரிமம் காற்றிலிருந்து வருகிறது என்பதை 1804இல் நிக்கோலா தெ சோசூர் அளந்து காட்டினார்.

ஆற்றலுக்கும் கரிமத்துக்கும் உள்ள உறவை முதலில் அளந்தவர்கள் அந்துவான் லவாசியேயும் பியேர் சிமோன் லப்லாசும். 1782-83 குளிர்காலத்தில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலனில் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் உருகிய நீரை எடைபோட்டார்கள். அந்த வெப்பத்தை, அதே அளவு வாயுவை வெளியிடும் கரி எரியும்போது எழும் வெப்பத்தோடு ஒப்பிட்டார்கள். மூச்சுவிடுதலும் ஒருவகை மெதுவான எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள். உணவும் விறகும் நிலக்கரியும் தரும் ஆற்றல் ஒரே வேதிவினையிலிருந்து வருகிறது என்ற புரிதலுக்கு அடிப்படை இதுவே.

மெதுவான ஓட்டத்தை உணர்ந்தவர் பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் ஜாக் எபெல்மென். சிலிக்கேட்டுப் பாறைகள் சிதையும்போது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, எரிமலைகள் அதை ஈடுசெய்கின்றன என்று 1845இல் எழுதினார். இன்றைய பாடநூல் சொல்வதற்கு மிக நெருக்கமான இந்தக் கருத்து நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1856இல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபுட், இந்த வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் அதிகம் சூடேறுவதைக் காட்டினார். அவருக்கும் அதே கதிதான். வெப்பக் கதிர்களை இந்த வாயுவும் நீராவியும் உறிஞ்சுவதை 1859இல் லண்டனில் ஜான் டின்டால் கருவி வைத்து அளந்தபோதுதான் உலகம் கவனித்தது.

1896இல் சுவீடனின் ஸ்வாந்தே அரீனியஸ், பனியுகங்கள் ஏன் வந்தன என்று ஆராயும்போது, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் புவி 5 முதல் 6 பாகை வெப்பமடையும் என்று கணக்கிட்டார். அவருடைய நண்பர் அர்விட் ஹோக்போம், ஆலைகளில் எரியும் நிலக்கரியின் அளவை இயற்கைப் பரிமாற்றங்களோடு ஒப்பிட்டிருந்தார். ஆனால் மனிதரால் அத்தகைய மாற்றம் வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றே அரீனியஸ் முதலில் கருதினார். எரிபொருள் பயன்பாடு எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதை அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

எரிபொருளை எரிப்பதால் வரும் வாயுவைக் கடல் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கை 1950கள் வரை நீடித்தது. கலிபோர்னியாவில் ரோஜர் ரெவெலும் ஹான்ஸ் சூயெஸும் 1957இல் அதைக் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். கதிரியக்கக் கரிமம் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவதால், பழமையான நிலக்கரியில் அது மிச்சமிருப்பதில்லை. அப்படிப்பட்ட கரிமம் காற்றில் கலந்ததால் மரவளையங்களில் கதிரியக்கக் கரிமத்தின் விகிதம் குறைந்திருப்பதைச் சூயெஸ் ஏற்கெனவே கண்டிருந்தார். கடல்நீரின் வேதியியலோ கூடுதல் வாயுவை எளிதில் ஏற்க விடுவதில்லை.

இவ்வரலாற்றில் மிகப் பெரிய மதிப்புக்குரியது சார்லஸ் டேவிட் கீலிங்கின் பொறுமை. 1958 மார்ச்சில் ஹவாயின் மவுனா லோவா மலையில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், அவர் அளவீட்டைத் தொடங்கினார். பத்து லட்சம் பங்கு காற்றில் கார்பன் டை ஆக்சைடு அப்போது ஏறக்குறைய 315 பங்கு. அளவு மே மாதம் உச்சத்தை எட்டி, வட அரைக்கோளத்தின் செடிகள் தழைக்கும் கோடையில் இறங்கி, குளிர்காலத்தில் மீண்டும் ஏறியது. உலகின் காடுகளும் புல்வெளிகளும் சேர்ந்து வாயுவை ஏற்பதும் விடுவதும் ஒரே வரைபடத்தில் தெரிந்தது. அந்த ஏற்ற இறக்கத்தோடு, ஆண்டுதோறும் கூடிவரும் உயர்வும் தெரிந்தது. நிதி வெட்டால் 1964இல் சில மாதம் அளவீடு நின்றுபோனது. கீலிங் போராடித் தொடர்ந்தார். 2005இல் அவர் மறைந்த பிறகும் பணி நிற்கவில்லை. 2013 மே மாதம் முதன்முறையாகத் தினசரி அளவு 400ஐத் தாண்டியது. 2024இல் ஆண்டுச் சராசரியே 420க்கு மேல். 2022இல் எரிமலை குமுறி மின்சாரமும் சாலையும் துண்டிக்கப்பட்டபோது, அளவீடு அருகிலுள்ள மவுனா கெயா மலைக்கு மாற்றப்பட்டது.

கீலிங்கின் அளவீட்டுக்கு முந்தைய காலத்தை அன்டார்டிகாப் பனியில் அடைபட்ட காற்றுக்குமிழிகள் சொல்கின்றன. கடந்த 8 லட்சம் ஆண்டுகளில், தொழிற்புரட்சிக்கு முன்புவரை, இந்த அளவு ஏறத்தாழ 180க்கும் 300க்கும் இடையிலேயே இருந்தது. தொழிற்புரட்சிக்குச் சற்றுமுன் 280.

இன்று புதைபடிவ எரிபொருள்களால் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கரிமம் காற்றில் சேர்கிறது. மனிதர் வெளியிடுவதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது அங்கேயே தங்க, மீதியைக் கடலும் நிலத்தின் தாவரங்களும் பகிர்ந்துகொள்கின்றன. கடல் ஏற்றதன் விளைவாக அதன் மேற்பரப்பு நீரின் பி.எச். அளவு ஏறக்குறைய 0.1 இறங்கி, பவளங்களும் சிப்பிகளும் ஓடு கட்டுவது கடினமாகிறது. நிலத்தின் பங்கு நிலையானதல்ல. எல் நினோ ஆண்டுகளில் வெப்பமண்டலக் காடுகள் வறட்சியில் தளர்வதால் காற்றில் வாயு வேகமாகக் கூடுகிறது. வடதுருவப் பகுதியின் உறைமண்ணில் இன்றைய காற்றில் உள்ளதைப் போல ஏறத்தாழ இருமடங்கு கரிமம் அடங்கியிருக்கிறது. வெப்பம் கூடி அது உருகினால், அதில் ஒரு பகுதி நுண்ணுயிர்களால் மட்கி, கார்பன் டை ஆக்சைடாகவும் மீத்தேனாகவும் வெளிவந்து வெப்பத்தை மேலும் கூட்டும்.