யூனிட்டேரியன் சபை வழிபாடு

கடவுள் ஒருவரே, அவரைத் திரித்துவமாகப் பிரிக்க வேதத்தில் ஆதாரம் இல்லை என்ற கொள்கையோடு 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எழுந்த சபைகளும் அவற்றின் வழிவந்த இன்றைய சபைகளும் ஞாயிறுதோறும் நடத்தும் கூட்டு ஆராதனை. அதைச் சுற்றி வளர்ந்த சபை வாழ்வும் இதில் அடங்கும். டிரான்சில்வேனியா, இங்கிலாந்து, அமெரிக்கா, மேகாலயாவின் காசி–ஜெயந்தியா மலைகள் ஆகியவை இச்சபைகள் வேரூன்றிய முக்கிய இடங்கள். சென்னையிலும் இதற்கு 1795 முதல் ஒரு தனி வரலாறு உண்டு.

பெரும்பாலான கிறித்தவச் சபைகளில் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்வார்கள். அதைச் சொல்பவர் அச்சபையைச் சேர்ந்தவர். யூனிட்டேரியன் சபைகளில் பல நாளடைவில் இந்த அடையாளத்தைக் கைவிட்டன. ஆகவே ஒன்றாகக் கூடுவதே அவர்களைச் சபையாக்க வேண்டியிருந்தது. இவர்களது வழிபாட்டின் முதல் இருநூற்றைம்பது ஆண்டுகள் எவற்றை நீக்குவது என்ற கேள்வியில் கழிந்தன. நீக்கிய இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி பிறகு வந்தது. அதற்குக் கிடைத்த பதில்களில் பல சாதாரணச் சபை மக்களின் கைகளிலிருந்து வந்தவை என்பதே இந்த வரலாற்றின் சிறப்பு.

ஜெபத்துக்காகச் சிறை

1568 ஜனவரியில் டோர்டா நகரில் கூடிய டிரான்சில்வேனிய மன்றம், போதகர்கள் தாம் புரிந்துகொண்டவாறு வேதத்தைப் போதிக்கலாம், ஊர் மக்கள் தங்களுக்கு உகந்த போதகரை வைத்துக்கொள்ளலாம், மதத்தின் பெயரால் எவரையும் துன்புறுத்தலாகாது என்று ஆணை பிறப்பித்தது. அப்போது ஆட்சியிலிருந்த ஜான் சிகிஸ்மண்ட் யூனிட்டேரியன் கொள்கைக்கு ஆதரவாக நின்றவர். அவரது அரசவைப் போதகர் ஃபெரென்ட்ஸ் டாவித் இச்சபையின் நிறுவனராகப் போற்றப்படுகிறார்.

1571இல் சிகிஸ்மண்ட் இறந்ததும் காற்று திசைமாறியது. இருக்கும் சபைகள் இருக்கலாம், புதுமை எதையும் புகுத்தக்கூடாது என்று அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. கடவுளை மட்டுமே நோக்கி ஜெபிக்க வேண்டும், கிறிஸ்துவை நோக்கி ஜெபிப்பது தகாது என்று டாவித் போதித்தார். அதுதான் அவர்மீது சுமத்தப்பட்ட ‘புதுமை’. 1579இல் டேவா கோட்டைச் சிறையில் அவர் இறந்தார். இச்சபையின் முதல் தலைவர் உயிரை விட்டது, ஞாயிற்றுக்கிழமை ஜெபம் யாரை நோக்கிச் செல்ல வேண்டும் என்ற கேள்விக்காக.

டிரான்சில்வேனியச் சபை இன்றும் உயிரோடு இருக்கிறது. ருமேனியாவில் ஹங்கேரிய மொழி பேசும் கிராமங்களில் படங்களோ சிலைகளோ இல்லாத வெண்சுவர்க் கோவில்களில் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. கடவுள் ஒருவரே என்ற வாசகத்தைச் சுவரிலும் வாயிலிலும் காணலாம். திருவிருந்து ஆண்டுக்கு நான்கே முறை: கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே, இலையுதிர்கால அறுவடை நன்றித் திருநாள். போலந்தில் இதே காலத்தில் தழைத்த சகோதர இயக்கத்துக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. 1658இல் அவர்களை நாடு கடத்த அரசு ஆணையிட்டது.

ஏல அறையில் ஓர் ஆராதனை

இங்கிலாந்தில் திரித்துவத்தை மறுப்பது 1813 வரை சட்டப்படி குற்றம். யார்க்‌ஷயரின் கேட்டரிக் ஊரில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்த தியோஃபிலஸ் லிண்ட்சே, குருமார் சபையின் கோட்பாட்டு விதிகளில் கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்தும்படி பாராளுமன்றத்திடம் விண்ணப்பித்தவர்களில் ஒருவர். 1772இல் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் வேலையையும் குடியிருந்த வீட்டையும் துறந்து மனைவியோடு லண்டனுக்கு வந்தார். எசெக்ஸ் தெருவில் ஏலம் விடப் பயன்பட்ட ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, 1774 ஏப்ரல் 17 அன்று முதல் ஆராதனையை நடத்தினார். வந்திருந்தவர்களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஜோசப் பிரீஸ்ட்லியும் இருந்தனர்.

லிண்ட்சே புதிதாக ஒரு ஜெபப் புத்தகம் எழுதவில்லை. சாமுவேல் கிளார்க் என்ற முந்தைய தலைமுறை இறையியலாளர் குறித்து வைத்திருந்த திருத்தங்களைப் பின்பற்றி, ஆங்கிலிக்கன் புத்தகத்தையே திருத்தினார். திரித்துவ வாசகங்களை நீக்கி, எல்லா ஜெபங்களையும் பிதாவை நோக்கித் திருப்பினார். பழகிய வாசகங்களின் நடையும் ஒலியும் அப்படியே இருந்தன. மக்கள் வாயில் ஏறிய சொற்களைப் பிடுங்காமல், மனசாட்சிக்கு ஒவ்வாதவற்றை மட்டும் எடுத்த இந்த நிதானம் பாராட்டுக்குரியது. பாஸ்டன் நகரின் கிங்ஸ் சேப்பல் 1785இல் இதைத் தழுவித் தன் ஜெபப் புத்தகத்தைத் திருத்தியது. அதன் இளம் போதகர் ஜேம்ஸ் ஃப்ரீமனுக்கு எந்த பிஷப்பும் குருப்பட்டம் தர முன்வரவில்லை. 1787இல் சபை மக்களே அவரை அபிஷேகம் செய்துகொண்டார்கள். அந்த ஜெபப் புத்தகத்தின் பிந்தைய பதிப்பு அங்கே இன்றும் பயன்படுகிறது.

புரசைவாக்கம்

லிண்ட்சேயின் வழிபாட்டு முறைக்குத் தமிழிலும் ஒரு வாழ்வு அமைந்தது. அதைச் செய்தவர் திருவேங்கடம் என்ற தமிழர். இளமையில் ஆங்கிலேயர்களிடம் வேலையாளாகச் சேர்ந்த அவர், கிறித்தவராகி வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயர் பெற்றார், இங்கிலாந்துக்கும் போய்வந்தார். திரித்துவக் கோட்பாடு அவர் மனத்தில் பொருந்தவில்லை. பிரீஸ்ட்லி, லிண்ட்சே ஆகியோரின் நூல்கள் அந்தத் தயக்கத்துக்கு விடை தந்தன. 1795இல் சென்னையில் ஒரு சிறு சபையைத் தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் அச்சபைக்கு ஒரு கோவில் எழுந்தது. லண்டனில் திரித்துவ மறுப்பு குற்றமல்ல என்று சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான்.

எந்த மிஷனும் அனுப்பாமல், எந்த வெள்ளைக்காரப் போதகரும் மேற்பார்க்காமல் இச்சபை பிறந்தது. இங்கிலாந்து யூனிட்டேரியன்களுக்கு இப்படியொரு சபை இருப்பதே பல ஆண்டுகள் கழித்து ராபர்ட்ஸ் எழுதிய கடிதங்களால் தெரியவந்தது. அதன் பிறகே உதவி வரத் தொடங்கியது. ஜெபமுறையைத் தமிழில் பெயர்த்து, சிறு நூல்களும் எழுதி, உழைத்து வாழும் எளிய மக்களைக் கொண்ட அச்சபையை அவர் 1838இல் இறக்கும்வரை நடத்தினார். பின்னர் அவர் மகன் பொறுப்பேற்றார். தமிழ்க் கிறித்தவ வரலாற்றை மிஷனரிகளின் வரலாறாகவே படித்துப் பழகிய நமக்கு இந்த மனிதர் இன்னும் நன்றாக அறிமுகமாக வேண்டும்.

இதே துணிவை 1887 செப்டம்பர் 18 அன்று மேகாலய மலைகளின் ஜோவாயில் ஹாஜோம் கிஸ்ஸோர் சிங் காட்டினார். வெல்ஷ் மிஷனின் போதனையில் நிறைவு காணாத அவர், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு தன் வீட்டில் ஆராதனையைத் தொடங்கினார். காசி மொழியில் அவரே பாடல்களை இயற்றினார். அந்தச் செப்டம்பர் நாள் வடகிழக்கு இந்திய யூனிட்டேரியன்களுக்கு இன்று திருநாள். அங்கே ஆராதனையை நடத்துவது பெரும்பாலும் சபையின் சாதாரண உறுப்பினர்களே.

பிரசங்கத்திலிருந்து சமையலறைக்கு

நியூ இங்கிலாந்தின் பழைய பியூரிட்டன் சபைகளில் பல 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூனிட்டேரியனாக மாறின. வில்லியம் எல்லரி சானிங் 1819இல் பால்டிமோரில் ஆற்றிய பிரசங்கம் இவர்களுக்கு ஒரு கொள்கைப் பிரகடனமாக அமைந்தது. 1825இல் அமெரிக்க யூனிட்டேரியன் சங்கம் உருவானது. அக்கால ஆராதனையின் மையம் நீண்ட, கற்றறிந்த பிரசங்கம். 1832இல் பாஸ்டன் இரண்டாம் சபையின் போதகர் ரால்ஃப் வால்டோ எமர்சன், திருவிருந்தை நடத்த மனம் ஒப்பாமல் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவர்கள் பலர் அதை மெல்ல விட்டுவிட்டார்கள். அறிவுக்கு நிறைய இருந்தது. கைக்கும் கண்ணுக்கும் ஏதுமில்லை.

அந்தக் குறையை முதலில் உணர்ந்து செயல்பட்டவர்களில் அயோவா மாநிலத்துப் பெண் போதகர்களைச் சொல்ல வேண்டும். மேரி சாஃபர்ட், எலினர் கார்டன் முதலியோர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புல்வெளி ஊர்களில் சபைகளைக் கட்டி எழுப்பினர். கோவில் ஒரு வீட்டைப்போல் இருக்க வேண்டும், வாரம் முழுவதும் அதன் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. கூடமும் சமையலறையும் கோவிலின் பகுதிகளாயின. படிப்பு வட்டமும் சமூக விருந்தும் ஆராதனைக்கு இணையான இடம் பெற்றன. ஆண் போதகர்கள் பலர் இவர்களை மதிக்காத காலம் அது. ஆனால் இன்றைய சபை வாழ்வின் அமைப்பு பெரிதும் இவர்கள் தந்ததே.

அதே எண்ணம் கான்கிரீட்டில் வடிவம் பெற்றது சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில். 1905இல் மின்னல் தாக்கி எரிந்த பழைய கோவிலுக்குப் பதிலாக ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த யூனிட்டி டெம்பிள், ஒரு பக்கம் ஆராதனைக் கூடமும் மறுபக்கம் சமூகக் கூடமும் இரண்டுக்கும் நடுவே பொது வாயிலும் கொண்டது. ரைட்டின் தாய்வழியினர் வேல்ஸ் யூனிட்டேரியன்கள். கூடத்தில் இருக்கைகள் பீடத்தை மூன்று பக்கம் சூழ்ந்திருப்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே உட்கார வேண்டும். ஆராதனை முடிந்ததும் போதகருக்கு முதுகு காட்டாமல், அவர் இருக்கும் பக்கமாகவே மக்கள் வெளியேறும்படி கதவுகள் அமைந்துள்ளன. 2019இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

பூ, சுடர், நீர்

பிராக் நகரில் சபை தொடங்கிய நார்பர்ட் சாபெக்கிடம் வந்தவர்களில் பலர் கத்தோலிக்கத்தை விட்டு விலகியவர்கள். திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் அவர்களுக்குப் பழைய கசப்பை நினைவூட்டின. எல்லோரையும் இணைக்கும் ஒரு சடங்கும் தேவைப்பட்டது. 1923 ஜூனில் ஆளுக்கொரு பூவைக் கொண்டுவரச் சொன்னார். வாசலில் வைத்த பாத்திரத்தில் அவற்றைச் சேர்த்தார்கள். ஆராதனை முடிவில் ஒவ்வொருவரும் வேறொருவர் கொண்டுவந்த பூவை எடுத்துச் சென்றார்கள். அவ்வளவுதான் சடங்கு. சாபெக்கை 1941இல் நாஜிகள் கைது செய்தனர். 1942இல் அவர் கொல்லப்பட்டார். அவர் மனைவி மாயா 1940இல் இந்தப் பூச்சடங்கை அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் சபைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் யூனிட்டேரியன் சபைகள் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்கின்றன. இச்சபைகள் உருவாக்கிய வழிபாட்டு வடிவங்களில் இதைவிட எளிமையும் ஆழமும் கொண்டது வேறில்லை.

ஆராதனைத் தொடக்கத்தில் ஏற்றப்படும் கிண்ணச் சுடர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிறந்தது. அகதிகளைத் தப்பவைக்க லிஸ்பனிலிருந்து பாடுபட்ட யூனிட்டேரியன் சேவைக் குழுவுக்கு ஆவணங்களில் பதிக்க ஒரு முத்திரை தேவைப்பட்டது. குழுவின் சார்லஸ் ஜாய் கேட்டுக்கொள்ள, தானே ஓர் அகதியான ஆஸ்திரிய ஓவியர் ஹான்ஸ் டாய்ச் 1941இல் அதை வரைந்து கொடுத்தார். காகிதத்தில் இருந்த சின்னம் பல பத்தாண்டுகள் கழித்தே ஆராதனை மேடையில் உண்மைச் சுடராக ஏறியது. நீர்ச் சடங்கு 1980இல் மிச்சிகனில் பெண்கள் கூடிய ஒரு மாநாட்டில் தோன்றியது. கரோலின் மெக்டேட், லூசில் லாங்வியூ ஆகிய இருவர் வடிவமைத்த இதில் ஆற்றுநீர், கடல்நீர், மழைநீர் என அவரவர் கொண்டுவந்ததை ஒரே பாத்திரத்தில் ஊற்றுவார்கள். கோடை விடுமுறை முடிந்து சபை மீண்டும் கூடும் செப்டம்பரில் இது நடப்பது வழக்கம்.

இன்றைய ஞாயிறு

1961இல் அமெரிக்க யூனிட்டேரியன் சங்கம், எல்லோருக்கும் மீட்பு உண்டு என்று நம்பிய யுனிவர்சலிஸ்ட் சபையோடு இணைந்தது. இவ்வாறு இணைந்த சபைகளில் ஞாயிறு காலை சுமார் ஒரு மணி நேரம் கூடுகிறார்கள். சுடர் ஏற்றுவது பெரும்பாலும் ஒரு குழந்தையாக இருக்கும். பாட்டு, சிறுவர்களுக்கு ஒரு கதை. பிறகு சபையார் பாடி வழியனுப்ப, பிள்ளைகள் தங்கள் வகுப்புக்குப் போகிறார்கள். வாசகம் பைபிளிலிருந்தும் வரலாம், உபநிடதத்திலிருந்தும் வரலாம். 1993இல் வெளிவந்த பாட்டுப் புத்தகத்தில் தாகூருக்கும் இடம் உண்டு. மௌனம், பிரசங்கம், காணிக்கை ஆகியவையும் உண்டு.

இவற்றுக்கு நடுவே வரும் ‘மகிழ்ச்சியும் துயரமும்’ என்ற பகுதிதான் பல சபைகளில் ஆராதனையின் உயிர்நாடி. விரும்புகிறவர் முன்னால் வந்து ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, தன் வாழ்வில் நடந்ததைச் சொல்வார்: அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள், பேத்தி பிறந்திருக்கிறாள், வேலை போய்விட்டது. நேரம் நீள்கிறது, பிறர் அந்தரங்கம் வெளிப்படுகிறது என்ற கவலையால், எழுதிக் கொடுத்தால் போதகர் வாசிப்பார் என்றோ, சொல்லின்றிச் சுடர் மட்டும் ஏற்றலாம் என்றோ சில சபைகள் மாற்றியிருக்கின்றன. கவலை நியாயமானதே. ஆயினும் தன் துயரைத் தன் குரலில் ஒருவர் சொல்லக் கேட்பதை வேறொன்று ஈடுசெய்யாது. இங்கே காதில் விழுந்ததைக் கொண்டுதான் அந்த வாரம் யார் வீட்டுக்குச் சாப்பாடு போகும், யாரை மருத்துவமனையில் பார்க்கப் போவார்கள் என்பது முடிவாகிறது. ஆராதனைக்குப் பின் காபி மேசையைச் சுற்றி அந்த ஏற்பாடுகள் நடக்கும்.

பதின்பருவத்தினருக்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு. அதன் முடிவில் ஒவ்வொருவரும் தான் நம்புவதைத் தானே எழுதி, ஒரு ஞாயிறன்று சபை முன் படிக்கிறார்கள். கடவுளை நம்பவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னாலும் சபை மரியாதையோடு கேட்டு வாழ்த்துகிறது.

இந்த அமெரிக்கச் சபைகளில் நிர்வாகம் முழுவதும் சபையின் கையில். பிஷப் இல்லை, போதகரைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர் வாக்கு, செலவுக்கு ஆண்டுதோறும் அவர்கள் தரும் வாக்குறுதிப் பணம். போதகரே இல்லாத சபைகளும் உண்டு. 1948இல் கொலராடோவின் போல்டர் ஊரில் தொடங்கி இருபது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான சிறு குழுக்கள் இப்படித் தோன்றின. அவற்றில் உறுப்பினர்களே முறைவைத்துப் பேசினார்கள், பள்ளி அறையையோ ஒருவர் வீட்டையோ ஆராதனைக் கூடமாக்கினார்கள். 1980களில் ஏற்கப்பட்ட ஏழு கோட்பாடுகளுக்குப் பதிலாக, அன்பை மையமாகக் கொண்ட விழுமியங்களை இணைந்த சங்கத்தின் பொதுப்பேரவை 2024 ஜூனில் வாக்கெடுப்பின் மூலம் ஏற்றுக்கொண்டது. நீண்ட விவாதத்துக்குப் பின் வந்த அந்த முடிவும் எந்த உறுப்பினர்மீதும் விசுவாசப் பிரமாணமாகச் சுமத்தப்படுவதில்லை. பழைய ஏழு கோட்பாடுகளைத் தொடர்ந்து போற்ற விரும்பும் சபைகள் அவ்வாறே செய்யலாம்.