சத்திரத்து மூலையில் ஒரு மரச்செருப்புக்காரன்

1938. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்துவந்த பேராசிரியர் ஒருவர் இக்கட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். முந்தைய ஆண்டு அவர் எழுதிய 'தி ஹாபிட்' என்ற சிறுவர் கதை நன்றாக விற்றுவிட்டது. அடுத்த கதை எங்கே என்று பதிப்பாளர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே போகிறோம் என்று தெரியாமலே பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுத உட்கார்ந்தார். அரையாள் உயரமுள்ள ஹாபிட்கள் சிலரை ஊரைவிட்டுக் கிளப்பி, கறுப்புக் குதிரைவீரர்களைப் பின்னால் ஏவி, பிரீ என்ற ஊரின் சத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே மூலையில் முக்காடு போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். யார் அவன்? எழுதியவருக்கே தெரியவில்லை.

அந்த முதல் வரைவில் அவனும் ஒரு ஹாபிட்தான். பெயர் டிராட்டர். ஹாபிட்களோ வெறுங்காலில் திரிகிற இனம். இவன் மட்டும் மரச்செருப்பு போட்டு டக் டக்கென்று நடந்தான். ஏன் மரச்செருப்பு? டோல்கீன் காரணம் தேடித் தேடிப் பார்த்தார். எதிரியிடம் சித்திரவதைப்பட்டுக் கால்களே மரக்கால்களாகி விட்டனவோ என்றுகூட ஒரு கட்டத்தில் யோசித்தார். வரைவுக்கு வரைவு ஆள் மாறினான். கடைசியில் மரச்செருப்பு கழன்றது, உயரம் கூடியது, ஹாபிட் மனிதனானான். நாடிழந்த அரச வம்சத்தின் கடைசி வாரிசு ஆரகார்ன், பிரீ ஊர்க்காரர்கள் சந்தேகத்தோடு பார்க்கும் நாடோடி ஸ்ட்ரைடர், இரண்டும் அவனே என்று ஆயிற்று. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-லும் 55-லும் மூன்று பாகங்களாக வந்தது. சத்திரத்து மூலையில் அவனைக் கண்டபோது தனக்கே அதிர்ச்சியாக இருந்ததாகக் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன் ஒப்புக்கொண்டார். ஆரகார்னுக்கு இன்னொரு பிறவி பாக்கி இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்கு வழி திறந்துவிட்டது ஒரு திருட்டு வேலை. அப்படித்தான் டோல்கீன் தரப்பு அதைச் சொன்னது. 1965-ல் அமெரிக்காவின் ஏஸ் நிறுவனம், பதிப்புரிமையில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லி, ஆசிரியருக்குக் காசு கொடுக்காமல் 75 சென்ட்டுக்கு மலிவுப் பதிப்பு போட்டது. டோல்கீன் கொதித்தார். அவர் அனுமதி பெற்ற பேலன்டைன் பதிப்பும் அதே ஆண்டு வந்தது. சண்டை பத்திரிகைகளில் நாற, புத்தகம் கல்லூரி விடுதிகளுக்குள் புகுந்தது. படித்த இளைஞர்களில் ஒரு கூட்டத்துக்கு இன்னொரு பித்தும் இருந்தது. ஈயப் பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி, அளவுகோலும் பகடையும் வைத்துப் பழைய போர்களை மறுபடி நடத்திப் பார்க்கிற பித்து. இரண்டு பித்தும் ஒரே மேசையில் சந்தித்தால் என்ன ஆகும்?

விஸ்கான்ஸின் மாநிலத்தின் லேக் ஜெனிவா ஊரில் கேரி கைகாக்ஸ் என்றொரு காப்பீட்டு அலுவலர் இருந்தார். 1970-ல் வேலை போயிற்று. வீட்டின் நிலவறையில் செருப்புத் தைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டே போர் விளையாட்டுகளுக்கு விதி எழுதினார். மின்னசோட்டாவின் டேவ் ஆர்னஸனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974 ஜனவரியில் வெளிவந்தது. மரக்கட்டை நிறத்தில் ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். அச்சிட்டது 1000 பிரதி. பலகையும் வேண்டாம், வெற்றி தோல்வியும் கிடையாது. ஒருவர் நடுவராக இருந்து காட்சியைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். வாங்கிய இளைஞர்களில் பலருக்கு முதலில் தோன்றிய ஆசை ஒன்றுதான்: நான் ஆரகார்னாக இருக்கவேண்டும். பெட்டியைத் திறந்தவர்களுக்கு ஏமாற்றம் காத்திருந்தது.

அந்த விதிகளில் பாத்திரங்களுக்கு மூன்றே வகுப்புகள். போர்வீரன், மந்திரவாதி, குருமார். போர்வீரன் வாள் சுழற்றலாம். தடம் பார்த்துப் போகவோ காயம் ஆற்றவோ அவனுக்கு வழியில்லை. குருமார் காயம் ஆற்றலாம். ஆனால் கூர்முனை ஆயுதத்தைத் தொடவே கூடாது, கதாயுதம்தான். கையில் வாளோடு திரிந்து, மூலிகையால் உயிர் காக்கிற ஆரகார்ன் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. கைகாக்ஸைக் கேட்டால் அவருக்கு டோல்கீன் மேல் அப்படியொன்றும் மோகம் இல்லை. கோனன் போன்ற முரட்டு வாள்வீரர்களின் கதைகள்தான் அவருக்கு உயிர். ஹாபிட்களைச் சேர்த்ததே டோல்கீன் வாசகர்களை இழுக்கத்தான் என்று பின்னால் எழுதினார். பிறகு ஆரகார்னுக்கென்று ஒரு வகுப்பை யார் செய்வது?

1975 கோடையில் விடை வந்தது. கைகாக்ஸின் டிஎஸ்ஆர் நிறுவனம் 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ' என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கியிருந்தது. அதன் இரண்டாம் இதழில் ஜோ ஃபிஷர் என்பவர் புதிய வகுப்பு ஒன்றை எழுதினார். எங்கும் ஆரகார்னின் பெயர் இல்லை. ஆனால் ஒவ்வொரு விதியும் அவன் சட்டையைத்தான் போட்டிருந்தது.

ஆரகார்ன் ஓர்க் என்ற அரக்கர்களின் தடம் பிடித்து நாள்கணக்கில் ஓடினான்; ஆகவே இந்த வகுப்பினர் தடம் பார்ப்பார்கள், இவர்களை எதிர்பாராமல் தாக்குவது கடினம். அரசனின் கை குணப்படுத்தும் கை என்றது நாவல். ஆகவே ஆட்டத்தில் முன்னேறி மேல்நிலை அடைந்ததும் நோய் தீர்க்கும் மந்திரப் பொருள்களைக் கையாளலாம். தொலைதூரம் காட்டும் பலாந்தீர் கல்லை ஆரகார்ன் தன் வசப்படுத்தினான். ஆகவே உச்சநிலையில் ஞானதிருஷ்டிக் கருவிகள் கைக்கு வரும். இரண்டாம் நிலைக்கு வைத்த பட்டமே ஸ்ட்ரைடர். இதற்குமேல் ஒளிக்க என்ன இருக்கிறது?

எதிரி விஷயத்தில்தான் ஃபிஷரின் கணக்கு வேலை செய்தது. குட்டிக் கோபால்டிலிருந்து ராட்சதர் வரையுள்ள அரக்க இனங்களை அடித்தால், நிலைக்கு ஒரு புள்ளி வீதம் அடி கூடும். ஏழாம் நிலையில் உள்ளவன் ஓர்க் ஒன்றை வெட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். வாளுக்கு எட்டுமுகப் பகடை. குறைந்தது 1 விழும். அதோடு 7 சேர்ந்தால் 8. ஓர்க்கின் உயிர்ப்புள்ளி அதிகபட்சமே 8. வாள் பட்டால் ஓர்க் பிழைக்க வழியே இல்லை. வடக்கு எல்லையில் ஆரகார்னின் இனத்தாருக்கும் ஓர்க்குகளுக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்த பகை ஒரு கூட்டல் கணக்கில் அடங்கிவிட்டது.

என் கட்சி வேறு. அந்தப் பக்கத்தில் ஆகச் சிறந்த விதி, அடியைப் பற்றியது அல்ல: தூக்கிச் செல்ல முடிந்ததை மட்டுமே இவர்கள் வைத்துக்கொள்ளலாம், மிச்சம் தேவைப்பட்டவர்களுக்குத் தானம். மற்ற எல்லோரும் தங்கம் வேட்டையாடுகிற ஆட்டத்தில் இப்படி ஒரு விதி! கிழிந்த போர்வையோடு காட்டைக் காக்கும் அரசனை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் இருவருக்குமேல் சேர்ந்து இயங்கக்கூடாது என்ற விதிதான் கொஞ்சம் அசட்டுத்தனம். நாவலில் ஆரகார்னைத் தேடி அவன் இனத்தார் முப்பது பேர் குதிரையேறி வருகிறார்கள். டோல்கீன் அந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயரையே ஃபிஷர் வகுப்புக்கும் வைத்தார்.

ரேஞ்சர். 'பால்டர்ஸ் கேட்' கணினி விளையாட்டை ஆடுபவர்கள் வகுப்புப் பட்டியலைப் பார்த்து யோசிக்காமல் சொடுக்குகிற அதே ரேஞ்சர். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் லூகாஸ் ஏற்கிற அதே வேடம். ஆனால் இங்கே கதை முடியவில்லை, வக்கீல்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

1977-ல் டோல்கீன் கதைகளின் வணிக உரிமை வைத்திருந்தவர்கள் டிஎஸ்ஆரை எச்சரித்தார்கள். அவசரமாக வெள்ளையடிப்பு நடந்தது. ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனான், நடக்கும் மரமான என்ட் 'டிரீயன்ட்' ஆயிற்று, பால்ராக் என்ற அரக்கனின் பெயரே போயிற்று. ரேஞ்சரும் போயிருக்க வேண்டியது. காப்பாற்றியது அதன் சாதாரணத்தனம். காவலாக ஊர் சுற்றுபவனைக் குறிக்க நெடுநாளாக வழங்கும் ஆங்கிலச் சொல்லுக்கு யார் உரிமை கொண்டாடுவது? 1978-ல் வந்த முழு விதிநூலில் ரேஞ்சர் அதிகாரபூர்வமாக இடம் பிடித்தான். இரண்டாம் நிலைப் பட்டம் ஸ்ட்ரைடர் அப்படியே இருந்தது! ஆனால் அவனிடம் மந்திரவாதியின் மந்திரங்களும் இருந்தன. நாவலில் ஒரு மந்திரம்கூடப் போட்டு எவரையும் வீழ்த்தாதவனுக்கு இது எதற்கு என்று இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த திருப்பம் ஒரு தொலைபேசி அழைப்பில். ஆர்.ஏ. சால்வடோர் அப்போது டிஎஸ்ஆருக்காகத் தன் முதல் நாவலை எழுதிக்கொண்டிருந்த புதியவர். நாயகனுக்கு ஒரு துணைவன் வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும், உடனே சொல் என்றார் பதிப்பாசிரியர் மேரி கிர்ச்சாஃப். யோசிக்க நேரமில்லை. கறுப்பு எல்ஃப் இனத்தவன், ரேஞ்சர், பெயர் டிரிஸ்ட் டோஉர்டன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார் சால்வடோர். எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்டால் அதற்கும் விடையில்லை. 1988-ல் 'தி கிரிஸ்டல் ஷார்ட்' வந்தது; துணைவன் நாயகனை ஓரங்கட்டிவிட்டான். இரு கையிலும் வளைந்த வாள் பிடித்த அந்தக் கறுப்பு எல்ஃப்பை வாசகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். நாவலிலிருந்து விதிக்கு வந்தவன், விதியிலிருந்து இன்னொரு நாவலுக்குப் போய்விட்டான். திரும்பி வருவானா?

1989-ல் இரண்டாம் பதிப்பு விதிநூல் வந்தபோது ரேஞ்சரின் இரு கைகளிலும் ஆயுதம் இருந்தது. இது டிரிஸ்ட்டின் வேலைதான் என்று ரசிகர்கள் சத்தியம் செய்தார்கள். இல்லவே இல்லை என்று வடிவமைப்பாளர் டேவிட் குக் மறுத்தார். எப்படியோ ஆரகார்ன் மங்கத் தொடங்கினான். எல்லா அரக்க இனங்கள்மீதும் இருந்த பகை, விருப்பப்பட்ட ஒரே ஓர் இனத்தின்மீதான பகையாகச் சுருங்கியது. 2000-ல் மூன்றாம் பதிப்பில் தூக்க முடிந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும் விதியும் போயிற்று. 2003-ல் வில்லா, இரட்டை வாளா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 2014 பதிப்பின் ரேஞ்சர் சோப்ளாங்கி என்று ஆட்டக்காரர்கள் கூச்சல் போட, 2015-லும் 2016-லும் திருத்திய வரைவுகள் வந்தன.  இந்தத் தடுமாற்றத்தின் காரணம் எனக்குத் தெளிவு: ஒருவன் செய்ததை எல்லாம் விதியாக்கிவிட்டு அவனை எடுத்துவிட்டால், எஞ்சிய திறமைகளை எந்தச் சரட்டில் கோப்பது?

2024-ல் விதிநூல் மறுபடி எழுதப்பட்டது. வகுப்புகள் பன்னிரண்டு, அதில் ரேஞ்சர் ஒன்று. ஃபிஷரின் பழைய கூட்டல் கணக்கின் வாரிசாக, எந்த இரையையும் குறிவைத்து அடியைக் கூட்டும் ஒரு மந்திரம் இருக்கிறது. ஓர்க்குகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதே நூலில் ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுக்கக்கூடிய பத்து இனங்களில் ஓர்க்கும் ஒன்று. ஓர்க்காகப் பிறந்து ரேஞ்சராக விளையாட இன்று எந்தத் தடையும் கிடையாது.