மருமகள்களுக்காக ஓர் ஆரம்

1901-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் ஒரு வக்கீல், இரவு முழுவதும் தூக்கம் வராமல் தம் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். கடன்காரன் தொல்லை ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கு ஜுரமும் இல்லை. வீட்டில் தங்கமும் வெள்ளியும் வைரமும் வந்து குவிந்துவிட்டனவே என்பதுதான் அவருடைய கவலை! இப்படிப்பட்ட கவலை நம்மில் யாருக்காவது வந்தால், கதவைத் தாழிட்டு, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவோம்.

அந்த வக்கீல் காந்திஜி. இந்தியாவுக்குத் திரும்புகிறார் என்பதற்காக அங்கிருந்த நம்மவர்கள் பிரிவுபசாரம் நடத்தி வெகுமதிகளை வாரி வழங்கியிருந்தார்கள். தங்கக் கடிகாரம், தங்கச் சங்கிலிகள், வைர மோதிரம், வெள்ளிப் பாத்திரம் என்று பட்டியல் நீளுகிறது. 1896-இல் அங்கிருந்த தமிழர்கள் கொடுத்த ஒரு தங்க நாணயமும் அவரிடம் முன்பே இருந்தது. இவற்றோடு ஐம்பது கினி பெறுமானமுள்ள தங்க ஆரம் ஒன்று. அது கஸ்தூரிபாய்க்கென்று கொடுத்தது.

ஊரில் எல்லாரிடமும் நகை மோகத்தை விடச் சொல்லி உபதேசம் செய்துவிட்டு, தம் வீட்டுப் பெட்டியில் இவ்வளவையும் எப்படிப் பூட்டி வைப்பது? பொதுஜன சேவைக்குக் கூலி வாங்கலாமா? பொழுது விடிவதற்குள் அவர் முடிவுக்கு வந்துவிட்டார். எல்லாவற்றையும் பாங்கியில் வைத்து, சமூகத்தின் நன்மைக்காக ஒரு தர்மகர்த்தா நிதியாக்கிவிட வேண்டும். பார்ஸி ருஸ்தம்ஜி முதலியவர்களைப் பொறுப்பாளர்களாகக் குறித்துக் கடிதமும் எழுதி வைத்துவிட்டார்.

கடிதம் எழுதுவது சுலபம். மனைவியிடம் சொல்ல வேண்டுமே!

காந்திஜி அரசியலில் பிற்காலத்தில் கையாண்ட தந்திரங்களுக்கெல்லாம் அன்று காலை அவர் செய்த காரியத்தில் ஒரு சாயல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நேரே அம்மாளிடம் போகாமல், முதலில் பிள்ளைகளைத் தம் கட்சியில் சேர்த்துக்கொண்டார். மூத்தவன் ஹரிலாலுக்குப் பதின்மூன்று வயது, மணிலாலுக்கு ஒன்பது. அவர்கள் உடனே சம்மதித்து, அம்மாவிடம் தாங்களே வாதாடுவதாகவும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வயதில் எந்தப் பையனுக்கு நகை வேண்டும்?

கஸ்தூரிபாயிடம் இந்தத் தூது பலிக்கவில்லை. அந்த விவாதத்தைக் காந்திஜியே 'சத்திய சோதனை'யில் ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறார். தம் மனைவியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எழுதி வைத்த அந்த நேர்மைக்காகவே அவரை நான் வணங்குவேன். அம்மாள் சொன்னதன் சாரம் இதுதான்: எனக்கு நகை வேண்டாம், சரி. குழந்தைகள் உங்கள் தாளத்துக்கு ஆடுவார்கள், அதுவும் சரி. நாளைக்கு மருமகள்கள் வருவார்களே, அவர்களுக்கு என்ன போடுவது? நாளை என்ன நடக்கும் என்று யார் கண்டது? இப்போதே என் பிள்ளைகளைச் சந்நியாசிகளாக்கப் பார்க்கிறீர்களா? ஆரம் எனக்கு அன்போடு கொடுத்தது. அதைத் திருப்ப உங்களுக்கு என்ன உரிமை?

உன் சேவைக்காகவா கொடுத்தார்கள், என் சேவைக்காகத்தானே என்று கணவர் கேட்டார். வக்கீல் அல்லவா! அதற்கு அந்த அம்மாள் கொடுத்த பதிலுக்கு எந்தக் கோர்ட்டிலும் மறுப்புக் கிடையாது. உங்களுக்காக இரவும் பகலும் உழைத்தேனே, கண்டவர்களுக்கெல்லாம் என்னை ஊழியம் செய்ய வைத்தீர்களே, அது சேவையில் சேர்த்தி இல்லையா என்று கேட்டு அழுதார்.

இதில் மிகை ஒன்றும் இல்லை. டர்பன் வீட்டில் காந்திஜியின் குமாஸ்தாக்களும் கூடவே தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய மூத்திரச் சட்டியை முகம் சுளிக்காமல் எடுக்கவில்லை என்பதற்காக, 1898-இல் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் கதவு வரை போனவர் அவர். வண்ணான் செலவை மிச்சப்படுத்தப் புத்தகம் வாங்கிச் சலவைத் தொழிலைப் படித்தார். முதல் காலரில் கஞ்சி அதிகமாகி, கோர்ட்டில் பொலபொலவென்று உதிர்ந்தது. தலைமயிரையும் தாமே வெட்டிக்கொண்டு, எலி கடித்ததா என்று சக வக்கீல்கள் கேட்கும்படி போய் நின்றார். இவற்றைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் சலவைக் கலையைத் தாம் கற்றதோடு மனைவிக்கும் கற்றுக்கொடுத்தாராம். எளிய வாழ்வு என்று புருஷன் ஒரு தீர்மானம் போட்டால், அதில் முக்கால் பங்கு வேலை எந்தக் கையில் வந்து விழும் என்பது குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் எப்படியோ சம்மதத்தைப் பறித்துவிட்டேன் என்கிற பொருளில்தான் காந்திஜியே எழுதுகிறார். ஆரமும் பாங்கிக்குப் போயிற்று. அந்த நிதி பல சமயம் பொதுக் காரியங்களுக்கு உதவியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. பம்பாயில் பத்தாயிரம் ரூபாய்க்கு ஓர் இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்திருந்தார். அது மனைவி மக்களின் சொந்தக் காலில் நிற்கும் சக்தியைத் திருடுகிறது என்று தோன்றவே, ஜோகானஸ்பர்க்கில் இருக்கும்போது பணம் கட்டாமல் விட்டுவிட்டார். இனி மிச்சப் பணமெல்லாம் சமூகத்துக்கே என்று அண்ணனுக்கு எழுதினார். தம்பியைப் படிக்க வைத்த அந்த அண்ணனுக்கு மனம் முறிந்தது. 1904-இல் டர்பனிலிருந்து பதினான்கு மைலில் ஆயிரம் பவுனுக்கு நூறு ஏக்கர் நிலம் வாங்கி, பீனிக்ஸ் குடியிருப்பு பிறந்தது. தகரக் கூரை வீடுகள், குடும்பத்துக்கு மூன்று ஏக்கர்.

1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையின் கதை வேறு மாதிரியானது. காலன்பாக் என்னும் நண்பர் வாடகையில்லாமல் கொடுத்த ஆயிரத்து நூறு ஏக்கர் அது. சிறைக்குப் போன சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களை ஒரே இடத்தில் வைத்துக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது. அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். போப் துரையின் கைநூலைக் கப்பலிலும் சிறையிலும் படித்து அரைகுறையாகத் தெரிந்த தமிழை வைத்துக்கொண்டு, தமிழ்க் குழந்தைகளுக்கே காந்திஜி தமிழ் சொல்லிக்கொடுத்தார்! சொந்தக் காரியமாக ஜோகானஸ்பர்க் போகிறவர்கள் இருபத்தொரு மைலும் நடந்தே போக வேண்டும் என்பது விதி. வீட்டில் அரைத்த மாவில் செய்த ரொட்டியையும் வேர்க்கடலை வெண்ணெயையும் மூட்டை கட்டிக்கொண்டு இருட்டோடு கிளம்புவார்கள். அந்தத் தூரத்தை நான்கு மணி பதினெட்டு நிமிஷத்தில் நடந்து முடித்தவரும் உண்டு. அங்கே வந்தவர்கள் வேலையையும் வியாபாரத்தையும் தாங்களாகவே துறந்து, சிறைக் கதவைப் பார்த்து வந்தவர்கள். அதனால் தகரக் கொட்டகையில் அவர்கள் சிரித்துக்கொண்டு இருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 1901-இல் அழுத பெண்ணிடம் யாரும் முன்கூட்டி யோசனை கேட்கவில்லையே!

பையன்கள் விஷயம்தான் மனத்தை உறுத்துகிறது. அன்று அப்பாவின் பக்கம் நின்று அம்மாவிடம் வாதாட ஒப்புக்கொண்ட ஹரிலால், வளர்ந்து சத்தியாக்கிரகத்தில் பல தடவை சிறை சென்றான். பாரிஸ்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. சீமையில் படிக்க நண்பர் ஒருவர் கொடுத்த உதவித்தொகையைத் தந்தை தம் மகனுக்கு விடவில்லை, மற்றவர்களுக்கு அளித்தார். 1911-இல் ஹரிலால் வீட்டை விட்டுப் போனான். நகையையும் பாலிசியையும் துறப்பது ஒரு ரகம். மகனுடைய படிப்பையும் அதே கணக்கில் எழுதலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் நான் சொல்லுவேன்.

கஸ்தூரிபாய் கவலைப்பட்ட மருமகள்களும் வந்து சேர்ந்தார்கள். முதலாமவள் ஐந்தே வருஷத்தில், 1906-இல் வந்தாள். அன்று கைக்குழந்தையாக இருந்த தேவதாஸுக்கு 1933-இல் வாழ்க்கைப்பட்டவர் நம் ராஜாஜியின் மகள் லட்சுமி.

இதற்கு நடுவில் 1929-இல் இன்னொரு சம்பவம். சபர்மதி ஆசிரமத்தில் கஸ்தூரிபாய், யாரோ கொடுத்த நூறு இருநூறு ரூபாயைத் தம்மிடம் வைத்திருந்தது முன்பே ஒரு தடவை வெளிப்பட்டிருந்தது. மறுபடியும் நாலு ரூபாய் கணக்கில் சேராமல் அவரிடம் இருந்தது தெரிந்ததும், காந்திஜி அதைத் தமது 'நவஜீவன்' பத்திரிகையில் ஊரறிய எழுதிவிட்டார். நாலே நாலு ரூபாய்! அறுபது வயதுப் பாட்டி ஒருத்தி, பேரன் பேத்திகள் வந்தால் கையில் வைக்க ஏதாவது வேண்டாமா என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம். கதை எழுதுகிறவனுக்கு இந்த அளவு சலுகை உண்டு.

1944 பிப்ரவரி 22-ஆம் தேதி, பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் அவர் காலமானார். காந்திஜி தம் கையால் நூற்ற நூலில் நெய்த புடவை ஒன்றைத் தனக்கென்று பத்திரப்படுத்தி, கடைசியில் அதைத்தான் தனக்குச் சுற்ற வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.